மைதானத்துக்கு முதலில் வருகிறவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சிறுவர் கோல்ஃப் போட்டி என்றால், மட்டையைச் சுழற்றும் பிள்ளைகளைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். அந்தப் போட்டிகளோடு ஊர் ஊராகப் போய் அவற்றை நடத்திக்கொடுக்கும் கல்லூரி வயது இளைஞர்களைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் விளையாட்டு மேலாண்மை படித்த காலத்தில், ஒரு கோடை முழுவதும் நான் அந்த வேலையில் இருந்தேன். அங்கே அவர்களை இன்டர்ன் என்று அழைக்கிறார்கள்.

அமெரிக்காவில் இது நன்றாக வேரூன்றிய ஏற்பாடு. அமெரிக்க ஜூனியர் கோல்ஃப் சங்கம் 1978-இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் ஜார்ஜியாவில் பிரேசல்டன் என்ற சிற்றூரில் இருக்கிறது. 12 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக ஆண்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட போட்டிகளை நாடு முழுவதும் நடத்துகிறது. உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களான டைகர் வுட்ஸும் ஃபில் மிக்கல்சனும் சிறுவயதில் அந்தப் போட்டிகளில் ஆடியவர்கள்தான். இதைத் தவிர மாநிலத்துக்கு மாநிலம் கோல்ஃப் சங்கங்கள் உண்டு. அந்தச் சங்கங்கள் இன்டர்ன்களை வேலைக்கு எடுப்பதற்கு அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1991 முதல் நிதி கொடுத்துவருகிறது. பி. ஜே. போட்ரைட் என்ற நிர்வாகியின் பெயரால் நடக்கும் திட்டம் அது. கோடை வந்தால் இப்படிப்பட்ட இளைஞர்கள் வேனிலும், வேனுக்குப் பின்னால் பூட்டிய டிரெய்லரிலும் கூடாரம், கயிறு, பலகை, தண்ணீர்க் கலன்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒரு வாரம் ஓர் ஊர், அடுத்த வாரம் வேறோர் ஊர்.

கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மைதானம் ஏறத்தாழ 150 ஏக்கர் பரப்புக் கொண்டது. அதில் பதினெட்டு குழிகள். மொத்தத்தில் குறைந்த அடிகளில் அவற்றை முடிப்பவர்தான் வெல்வார். மூன்று மூன்று பேராகப் பிள்ளைகள் அதில் பரவிக் கிடப்பார்கள். கூடவே நடந்து வரும் நடுவர் கிடையாது. பந்து மரத்தடியில் அசைந்துவிட்டால், அசைந்தது என்று அந்தப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். தண்டனை அடியையும் அதுவேதான் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் நேர்மையை நம்பி ஒரு போட்டியே நடக்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஏற்றபடி களத்தை ஒழுங்காக அமைத்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. இதைவிடப் பொறுப்பான வேலையை அந்த வயதில் எனக்கு வேறு யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

முதல் ஆட்டக்காரர் காலை ஏழரைக்குப் பந்தை அடிக்கிறார் என்றால், நாங்கள் இருட்டிலேயே மைதானத்தில் இருப்போம். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பனி ஈரத்தில் நடப்போம். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். அது ஒவ்வொரு நாளும் இடம் மாறும். எங்கள் குழுத் தலைவர் முந்தின நாள் மாலையே புல்லில் ஒரு சொட்டு வண்ணம் தெளித்து இடத்தைக் குறித்துவிடுவார். விடியலில் மைதான ஊழியர்கள் அங்கே குழி வெட்டுவார்கள். குழி இருக்கும், குட்டையாக வெட்டிய புல்தரையை கிரீன் என்பார்கள். அதன் விளிம்பிலிருந்து குழி குறைந்தது நான்கு அடிவைப்புத் தள்ளி இருக்க வேண்டும், குழியைச் சுற்றி இரண்டு மூன்று அடிக்காவது தரை முடிந்தவரை சமமாக இருக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். அந்த இடம் சரிவாக இருந்தால், நன்றாகத் தட்டிய பந்துகூட குழியைத் தாண்டி உருண்டு போய்விடும். ஒரு பிள்ளையின் மூன்று மாதப் பயிற்சியை ஒரு தவறான குழி வீணாக்கிவிடும். அதனால் நாங்கள் ஒவ்வொரு குழிக்கும் போய், கிரீனின் முன் விளிம்பிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் தூரத்தை அளந்து, தாளில் எழுதி, அச்சடித்து, எல்லாப் பிள்ளைகள் கையிலும் ஒரே தகவலைக் கொடுப்போம். நீர்நிலைகளின் ஓரத்தில் சிவப்புக் கோடும் மஞ்சள் கோடும் போடுவதும் எங்கள் வேலைதான். அந்தச் சாயம் காலணியில் ஒட்டினால் கோடை முடியும் வரை போகாது.

பிறகு பிள்ளைகள் வருவார்கள். தொடக்கத் திட்டில் ஒவ்வொருவர் பெயரையும் உரக்க அறிவிக்க வேண்டும். அமெரிக்காவின் சிறுவர் கோல்ஃபில் இன்று கொரிய, சீன, தாய்லாந்து, இந்தியப் பெயர்கள் நிறைய. சாஹித் தீகலா, அக்‌ஷய் பாட்டியா போன்றவர்கள் அங்கே வளர்ந்து தொழில்முறைப் போட்டிகளில் வென்றிருக்கிறார்கள். இந்தப் பெயர்களில் ஒன்றைப் பிழையாகச் சொன்னால், முதல் அடி அடிக்கும் முன்பே அந்தப் பிள்ளையின் முகம் வாடிவிடும். ஆகவே அரைமணி நேரம் முன்னதாகவே பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் போய், "உன் பெயரை நீ எப்படிச் சொல்வாய்?" என்று கேட்டுக்கொள்வேன். எழுதி வைத்துக்கொள்வேன்.

ஆட்டம் தொடங்கியதும் மேட்டுக்கு மேலே போய் நிற்பதும் உண்டு. மேட்டுக்கு அந்தப் பக்கம் பந்து விழும் இடம் அடிப்பவருக்குத் தெரியாது. நாங்கள் பார்த்துக் கொடி காட்டுவோம். பந்தைத் தேட 2018 வரை ஐந்து நிமிடம் இருந்தது. 2019-இல் விதிகளைத் திருத்தியபோது அதை மூன்று நிமிடமாகக் குறைத்துவிட்டார்கள். மூன்று நிமிடத்தில் கிடைக்காவிட்டால் பந்து தொலைந்ததுதான். பின்னால் நடந்து போய், தண்டனையோடு மறுபடி அடிக்க வேண்டும். உயரமான புல்லில் ஒரு வெள்ளைப் பந்தைக் கண்ணில் பிடித்து வைத்திருப்பது எவ்வளவு உதவி என்று, கண்ணீரை அடக்கிக்கொண்டு தேடும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இனி பெற்றோரைப் பற்றி. இதை நான் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். மட்டைப் பையைச் சுமந்து உடன் வரும் உதவியாளரான கேடியைத் தவிர வேறு யாரிடமும் ஆட்டக்காரர் ஆலோசனை கேட்கக்கூடாது என்பது கோல்ஃப் விதி. சிறுவர் போட்டிகளில் பெற்றோரைப் பெரும்பாலும் வண்டிப் பாதையிலேயே நிற்கச் சொல்வார்கள். ஆனால் அவர்கள் மீது இருக்கும் அழுத்தம் பெரியது. அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளின் பயிற்சியாளர்கள் இந்தப் போட்டிகளைப் பார்க்க வருவார்கள். முதல் நிலைப் போட்டிப் பிரிவில் ஆண்கள் அணி ஒன்றுக்கு 4.5 பேருக்கான, பெண்கள் அணி ஒன்றுக்கு 6 பேருக்கான முழுக் கல்வி உதவித்தொகைதான் பல ஆண்டுகளாக உச்ச வரம்பாக இருந்தது. அந்தத் தொகையை அணி முழுவதற்கும் பிரித்துக் கொடுத்தார்கள். பத்தாம் வகுப்பு முடிந்த ஆண்டின் ஜூன் 15-க்கு முன்னால் அந்தப் பயிற்சியாளர்கள் பிள்ளையிடம் ஆள்சேர்ப்பு பற்றிப் பேசவும் கூடாது. அதனால் அவர்கள் பேசாமல் நின்று பார்ப்பார்கள். அவர்கள் நிற்பதைப் பெற்றோர் பார்ப்பார்கள். பெற்றோர் பார்ப்பதைப் பிள்ளை பார்க்கும்.

ஒரு போட்டியில், கோயம்புத்தூரிலிருந்து போய்க் குடியேறிய ஒருவரின் மகள் ஆடிக்கொண்டிருந்தாள். அவர் மரங்களுக்கு இடையே முன்னேறி முன்னேறி வந்துகொண்டே இருந்தார். கையில் தண்ணீர் பாட்டில். நான் அருகே போய்த் தமிழில் பேசியதும் அவருக்குக் கொஞ்சம் அதிர்ச்சி. "தம்பி, நான் எதுவும் சொல்லவில்லை, தண்ணீர்தான் கொடுக்கப் போகிறேன்" என்றார். "அங்கிள், தண்ணீரை நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நீங்கள் பாதையிலேயே இருங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தே அவள் மட்டையை மாற்றிவிடுகிறாள்" என்றேன். அவர் சிறிது நேரம் என்னையே பார்த்தார். பிறகு பின்னால் போய், மிச்சமிருந்த குழிகள் முழுவதும் பாதையிலேயே நடந்தார். அந்தத் தந்தையின் மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு. மகளுக்காக விடுப்பு எடுத்து, பல மணி நேரம் கார் ஓட்டி வந்தவரை விலகி நிற்கச் சொல்வது எளிதல்ல. விலகி நிற்பது அதைவிடக் கடினம்.

ஜார்ஜியாவிலும் அதைச் சுற்றியுள்ள தெற்கு மாநிலங்களிலும் கோடை மாலை என்றாலே இடி. 1991-இல் மினசோட்டாவில் நடந்த அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டியில் மின்னல் தாக்கிப் பார்வையாளர் ஒருவர் இறந்தார். இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. நீண்ட ஒற்றைச் சங்கொலி எழுந்தால், உடனே நிறுத்து என்று பொருள். அதற்குப் பிறகு ஓர் அடிகூட அடிக்கக்கூடாது. குழிக்கு ஒரு சாண் தூரத்தில் பந்து இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும். "ஒரே தட்டுதான்" என்று கெஞ்சும் பிள்ளையை வேனில் ஏற்றுவோம். தூரத்துக் குழிகளிலிருந்து எல்லாரையும் கொண்டுவந்து சேர்த்து, தலைகளை எண்ணி, கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் காத்திருப்போம். அந்தக் காத்திருப்பில்தான் பிள்ளைகள் மறுபடி பிள்ளைகள் ஆகிறார்கள். சீட்டு ஆடுவார்கள். போட்டியாளர்கள் ஒருவர் தட்டிலிருந்து மற்றவர் எடுத்துச் சாப்பிடுவார்கள். பிறகு இரண்டு குறுகிய சங்கொலிகள் கேட்கும். எல்லாரும் திரும்புவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை ஸ்கோர் மேசை. ஒருவரின் கணக்கை உடன் ஆடும் இன்னொருவர்தான் எழுதுகிறார். ஆட்டம் முடிந்ததும் கூடாரத்துக்கு வந்து, அட்டைகளை மாற்றிக்கொண்டு, குழி குழியாகச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒரு குழியில் உண்மையான எண்ணிக்கையைவிடக் குறைத்து எழுதிய அட்டையைக் கொடுத்துவிட்டால், பொதுவாகத் தகுதி நீக்கம்தான். அதிகமாக எழுதியதில் கையெழுத்திட்டால் அந்த அதிகமான எண்ணே நிலைக்கும். 1968 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளில் அர்ஜென்டினாவின் ரொபெர்டோ டி விசென்சோவுக்கு நடந்தது இதுதான். பதினேழாவது குழியில் அவர் எடுத்தது மூன்று. உடன் ஆடிய டாமி ஆரன் நான்கு என்று எழுதிவிட்டார். டி விசென்சோ கவனிக்காமல் கையெழுத்திட்டார். 65 என்பது 66 ஆனது. கோப்பைக்கான கூடுதல் ஆட்டம் பறிபோய், பாப் கோல்பி வென்றார். அன்று டி விசென்சோவின் 45-வது பிறந்தநாள்.

ஆகவே நாங்கள் அவசரப்படுத்த மாட்டோம். மேசையில் குடிக்கத் தண்ணீர் இருக்கும், நாற்காலி இருக்கும், பெற்றோர் உள்ளே வர முடியாது. "ஒவ்வொரு குழியையும் எனக்கு வாசித்துக் காட்டு" என்போம். அப்போதுதான் சில பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். "பன்னிரண்டாவது குழியில் நான் ஆறு எடுத்தேன். இதில் ஐந்து என்று இருக்கிறது" என்று சொல்வார்கள். அந்த ஓர் எண்ணால் பரிசு கைநழுவும் என்று அவர்களுக்குத் தெரியும். எதிரே இருப்பவருக்கு அந்தப் பிழை தெரியாது என்பதும் தெரியும். இருந்தும் சொல்வார்கள். நாங்கள் திருத்தி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி, அந்த எண்ணைத்தான் பலகையில் ஏற்றுவோம்.

சம்பளத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கொடுக்கும் தொகை குறைவு. தங்கும் அறையை இன்னொருவரோடு பகிர வேண்டும். உணவு பெரும்பாலும் மைதானத்தில் கிடைப்பதுதான். வீட்டில் வசதி இல்லாத மாணவர்கள் ஒரு கோடைக்கால வருமானத்தை விட்டுவிட்டு இதற்கு வருவது கடினம். இதை நடத்தும் அமைப்புகள் உதவித்தொகையை உயர்த்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு என்ற பெயர் கோல்ஃபுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதை நடத்துகிறவர்களும் வசதியானவர்களாக மட்டுமே இருந்துவிடக்கூடாது.

அமெரிக்காவில் படிக்கும் நம் பிள்ளைகள் இதற்கு விண்ணப்பிக்க விரும்பினால் சில விவரங்கள். பெரும்பாலான சங்கங்கள் கோடைக்குப் பல மாதங்கள் முன்பே ஆள் எடுக்கத் தொடங்கிவிடும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பாடத்திட்டப் பயிற்சி அனுமதி பெற்ற பிறகே சேர வேண்டும். பொதுவாக ஓர் ஆண்டுப் படிப்பு முடிந்திருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம் கட்டாயம் தேவைப்படும். டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டப் பழகிக்கொண்டு போனால் முதல் வாரத்திலேயே குழுவுக்கு வேண்டியவர் ஆகிவிடுவீர்கள். கோல்ஃப் நன்றாக ஆடத் தெரிய வேண்டும் என்பதில்லை. விதிப் புத்தகத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள், குறிப்பாகச் சிவப்பு, மஞ்சள் கோடு போட்ட தண்டனைப் பகுதிகளைப் பற்றிய 17-வது விதியை. பிள்ளைகள் உங்களிடம் கேட்கும் முதல் கேள்விகள் அதிலிருந்துதான் வரும்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.