மூன்று சீட்டில் எது பெரிது?

அவைக்கு வணக்கம்.

மூன்று சீட்டு ஆட்டத்தில் தகராறு பெரும்பாலும் கடைசியில் சீட்டைத் திறந்து ஒப்பிடும் ஷோவில்தான் வரும். ஒருவர் கலரைத் திறப்பார், அதாவது மூன்றும் ஒரே இனம் (ஸ்பேடு, ஆர்ட்டின் போல). இன்னொருவர் சீக்வென்ஸைத் திறப்பார், அதாவது மூன்றும் அடுத்தடுத்த எண்கள். ஐந்து சீட்டுப் போக்கர் ஆடிப் பழகியவர் "கலர்தான் பெரிது" என்று பணத்தின் மேல் கை வைப்பார். மூன்று சீட்டிலேயே வளர்ந்தவர் அந்தக் கையைத் தட்டிவிடுவார். இரண்டு பேருமே தத்தம் ஆட்டத்தில் சரியாகத்தான் பேசுகிறார்கள். வரிசையை மனப்பாடம் செய்து வைத்திருப்பதால்தான் இந்தச் சண்டை. எண்ணிப் பார்த்திருந்தால் வந்திருக்காது. அதனால் முதலில் எண்ணிவிடுவோம்.

52 சீட்டிலிருந்து மூன்றை எடுத்தால் மொத்தம் 22,100 விதமான கைகள் வரும். அந்த 22,100-இல் மூன்றும் ஒரே எண்ணாக வரும் ட்ரெயில் 52 மட்டுமே. பதின்மூன்று எண்கள், ஒவ்வொன்றிலும் நான்கில் ஒன்றை விட்டு மூன்றை எடுக்க நான்கு வழி. ஆக 425 கைக்கு ஒன்று. ஒரே இனத்தில் அடுத்தடுத்து வரும் ப்யூர் சீக்வென்ஸ் 48. இனம் கலந்த சீக்வென்ஸ் 720. ஒரே இனமாக மட்டும் இருக்கும் கலர் 1,096. ஜோடி 3,744. இவை எதிலும் சேராமல், பெரிய சீட்டை வைத்துப் பேச வேண்டிய கைகள் 16,440. அதாவது உங்களுக்கு வரும் நான்கு கையில் மூன்று வெறும் கைதான்.

சீக்வென்ஸ் எண்ணிக்கை எப்படி வருகிறது என்பதை மட்டும் காட்டுகிறேன், மற்றவற்றை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஏஸ்-2-3 தொடங்கி ராணி-ராஜா-ஏஸ் வரை 12 வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் மூன்று சீட்டு, ஒவ்வொன்றும் நான்கு இனத்தில் ஒன்று. நான்கு நான்கு நான்கு, 64. பன்னிரண்டால் பெருக்கினால் 768. அதில் ஒரே இனமாக அமையும் 48-ஐக் கழித்தால் 720. ராஜா-ஏஸ்-2 என்று வளைத்துக் கொண்டுவந்தால் அது சீக்வென்ஸ் ஆகாது. ஏஸ் ஒரு முனையில் நிற்கலாம், நடுவில் நிற்க முடியாது.

720, 1,096-ஐவிடக் குறைவு. அரிதாக வருவது பெரிது. ஆகவே மூன்று சீட்டில் சீக்வென்ஸ் கலரை வெல்கிறது. ஐந்து சீட்டுக்குப் போனால் கணக்கு தலைகீழாகிறது: 25,98,960 கைகளில் கலர் 5,108, சீக்வென்ஸ் 10,200. அடுத்தடுத்த ஐந்து எண் கிடைப்பது கடினம்தான். ஆனால் ஐந்தும் ஒரே இனமாக விழுவது அதைவிடக் கடினம். நான்காவது, ஐந்தாவது சீட்டு எடுக்கும்போது இனம் தவறிப்போகும் வாய்ப்பு அவ்வளவு வேகமாக ஏறுகிறது. போக்கர்காரருக்கும் மூன்று சீட்டுக்காரருக்கும் நடந்த சண்டைக்கு இவ்வளவுதான் விளக்கம்.

கூர்ந்து கேட்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ட்ரெயில் 52, ப்யூர் சீக்வென்ஸ் 48. அரிதானது பெரிது என்றால் ப்யூர் சீக்வென்ஸ்தானே ட்ரெயிலுக்கு மேலே இருக்க வேண்டும்? கணக்குப்படி ஆம். வழக்கம் அதை ஏற்கவில்லை. மூன்று ஏஸை மூன்று அடுத்தடுத்த சீட்டு வெல்வதைப் பார்க்கக் கண் ஒப்பவில்லை போலும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கட்டில் ஒரே ஒரு ஜோக்கரைச் சேர்த்து 53 சீட்டாக ஆடினால், ட்ரெயில் 130 ஆகிறது, ப்யூர் சீக்வென்ஸ் 148 ஆகிறது. வழக்கம் சொன்ன வரிசை அப்போது கணக்கோடு பொருந்திவிடுகிறது!

ஜோக்கர் எப்போதும் இவ்வளவு நல்ல பிள்ளை அல்ல. ஐந்து சீட்டில் ஒரு ஜோக்கரைப் போட்டுப் பாருங்கள். இரட்டை ஜோடி 1,23,552, மூன்று ஒரே எண் 1,37,280. மூன்று ஒரே எண் அதிகமாக வருகிறது, ஆகவே அதைக் கீழே இறக்குவோம் என்று மாற்றினால், ஜோடியும் ஜோக்கரும் வைத்திருப்பவர் உடனே ஜோக்கரை இன்னொரு சீட்டோடு சேர்த்து இரட்டை ஜோடி என்பார். இரட்டை ஜோடி 2,05,920 ஆகிவிடும், மூன்று ஒரே எண் 54,912-க்குச் சுருங்கும். எந்தப் பக்கம் மாற்றினாலும் பிழைதான். ஜோக்கர் வைத்து ஆடுகிறவர்கள் வரிசையை ஒப்பந்தமாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான், கணக்கைத் துணைக்கு அழைக்க முடியாது.

அடுத்து, ஒரே வகைக்குள் எது பெரிது. ட்ரெயிலில் ஏஸ் முதல், 2 கடைசி. சீக்வென்ஸில் ஏஸ்-ராஜா-ராணி முதல், அடுத்தது ஏஸ்-2-3, அதன் பிறகே ராஜா-ராணி-ஜாக்கி. ஏஸ்-2-3-ஐ முதலிடத்தில் வைக்கும் இடங்களும் உண்டு, இங்கிலாந்தின் ப்ராக் ஆட்டத்தில் அதுவே விதி. அங்கே ட்ரெயிலிலும் மூன்று மூன்றுகள்தான் ஏஸையும் விழுங்கும். கலரிலும் வெறும் கையிலும் பெரிய சீட்டை முதலில் ஒப்பிட வேண்டும், அது சமமென்றால் அடுத்தது, அதுவும் சமமென்றால் மூன்றாவது. ஜோடிக்கு ஜோடியின் எண், பிறகு உதிரிச் சீட்டு. எல்லாம் சமமென்றால் இனத்தை வைத்துத் தீர்ப்பது சிலர் வழக்கம். என் கருத்தில் அது தேவையில்லாத வேலை. ஷோ கேட்டவர் தோற்றார் என்ற விதி இருக்கும்போது ஸ்பேடா ஆர்ட்டினா என்று பார்க்க வேண்டியதே இல்லை.

வெறும் கையைப் பற்றி ஆடுகிறவர்களுக்கே தெரியாத ஒரு தகவல். 22,100 கைகளையும் சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்கினால் நட்டநடுவில் நிற்பது ராஜா-10-2. அதற்கு மேல் எது வந்தாலும் உங்கள் கை பாதிக்கு மேற்பட்டது. ஒருவரே எதிரில் இருந்தால் ராஜா-ஜாக்கி-5 ஆடக்கூடிய கை. நான்கு பேர் எதிரில் இருந்தால்? ஒவ்வொருவரையும் வெல்லும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல், அதை நான்கு முறை பெருக்கினால் பத்தில் ஒன்றைக்கூடத் தொடாது. கை அதேதான், ஆள் எண்ணிக்கை அதன் விலையை மாற்றிவிடுகிறது.

இனி பணம். இந்த ஆட்டத்தின் உயிர் சீட்டு வரிசையில் இல்லை, பிளைண்டு விலையில் இருக்கிறது. சீட்டைப் பார்க்காமல், அதாவது பிளைண்டாக, ஆடுகிறவர் நடப்புப் பந்தயத்தின் ஒரு பங்கோ இரண்டு பங்கோ கட்டலாம், அவர் கட்டியதே அடுத்தவருக்கு நடப்புப் பந்தயம். பார்த்து ஆடுகிறவர் இரண்டு பங்கிலிருந்து நான்கு பங்கு வரை கட்ட வேண்டும், அதில் பாதிதான் அடுத்தவருக்கு நடப்புப் பந்தயம். இந்தப் பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பார்த்தவர் 40 கட்டினார், அடுத்த பிளைண்டு ஆளும் 40 கட்ட வேண்டும் என்று அதட்டுவார்கள். தவறு. அவருக்கு 20 போதும்.

ஒரு ஆட்டத்தை முழுதாக ஓட்டிப் பார்ப்போம். கண்ணன், மேரி, ரஹீம், செல்வி. பூட், அதாவது தொடக்கத்திலேயே நடுவில் போடும் பணம், ஆளுக்கு 10 ரூபாய், மொத்தம் 40. கண்ணன் பிளைண்டாக 10 கட்டுகிறார், 50. மேரி சீட்டைப் பார்க்கிறார், 20 கட்டுகிறார், 70. நடப்புப் பந்தயம் இன்னும் 10-தான். ரஹீம் பிளைண்டிலேயே இரட்டிப்பாக்கி 20 கட்டுகிறார், 90. செல்வி பார்க்கிறார், பேக், அதாவது சீட்டை மடக்கி விலகுகிறார். கண்ணன் இப்போது பார்க்கிறார். பார்த்துவிட்டதால் அவருக்கு 40-லிருந்து 80 வரை, 40 கட்டுகிறார், 130. மேரியும் 40 கட்டி, 170, கண்ணனிடம் சைடு ஷோ, அதாவது இருவர் கையை மட்டும் ஒப்பிட்டுச் சிறியதை மடக்குவது, கேட்கிறார்.

சைடு ஷோவை, தனக்கு நேர் முன்னால் கட்டியவர் சீட்டைப் பார்த்தவராக இருந்தால் மட்டுமே கேட்கலாம். கேட்பவர் முதலில் தன் பணத்தைக் கட்டியிருக்க வேண்டும். கேட்கப்பட்டவர் மறுக்கலாம். ஒப்புக்கொண்டால் இருவர் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், மூன்றாவது கண் படக்கூடாது. கண்ணன் ஒப்புக்கொள்கிறார். அவர் கையில் 9-9-4, மேரி கையில் 9-9-7. ஜோடி சமம், உதிரிச் சீட்டு தீர்க்கிறது, கண்ணன் பேக். இரண்டும் முழுக்கச் சமமாக இருந்திருந்தால் கேட்ட மேரிதான் மடக்க வேண்டியிருந்திருக்கும்.

இப்போது மேரியும் ரஹீமும். மேரி பார்த்தவர், ரஹீம் பார்க்காதவர். மேரி ஷோ கேட்க முடியாது: பிளைண்டு ஆளிடம் பார்த்தவர் ஷோ கேட்கக்கூடாது என்பது விதி. அவர் கட்டிக்கொண்டே போகலாம், அல்லது மடக்கலாம். ரஹீமுக்கு அந்தத் தடை இல்லை, 20 ரூபாய் கட்டி ஷோ கேட்கலாம். கேட்கிறார். நடுவில் 190.

அந்த 20 ரூபாய் புத்திசாலித்தனமா? பார்க்காத ஒரு கை 9-9-7-ஐ வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறில் ஒன்று. 20 கட்டி 190-ஐ எடுக்கப் பார்க்கிறவருக்குப் பத்தில் ஒன்றுக்குச் சற்று மேல் வாய்ப்பு இருந்தாலே நட்டமில்லை. ஆகவே அந்த ஷோ சரியான ஷோ. அதே ஷோவுக்கு 40 கட்ட வேண்டியிருந்தால் 210-க்கு 40, கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று வாய்ப்பு தேவை, அப்போது அது தவறான ஷோவாகியிருக்கும். பிளைண்டு என்பது வெறும் துணிச்சல் காட்டும் வேலை என்று நினைப்பவர்கள் இந்தப் பாதி விலையைக் கணக்கில் எடுப்பதில்லை.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஆந்திர அரசுக்கும் சத்யநாராயணாவுக்கும் இடையிலான, 1968 சட்டத் தொகுப்புகளில் உள்ள வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது, ஃபிளஷ், ப்ராக் என்று அழைக்கப்படும் மூன்று சீட்டை முழுக்க அதிர்ஷ்டம் என்றது. சீட்டு விழுவதில் அது உண்மை. ரஹீமின் 20 ரூபாயைப் பார்த்த பிறகு, 'முழுக்க' என்ற சொல் கொஞ்சம் அதிகம் என்று எனக்குப் படுகிறது.

முழுக்க அதிர்ஷ்டத்துக்கு உதாரணம் வேண்டுமானால் மங்காத்தாவை எடுங்கள், உள்ளே-வெளியே. ஒரு சீட்டைத் திறந்து வைத்து, அதே எண் வரும்வரை இரண்டு பக்கமும் மாறிமாறிப் போடுவது. அதில் முடிவெடுக்க எதுவுமே இல்லை, பக்கம் சொல்வதைத் தவிர. அதிலும் சமநிலை கிடையாது: முதல் சீட்டு விழும் பக்கம் 51.5 சதவீதம் வெல்கிறது. அதனால்தான் சில இடங்களில் அந்தப் பக்கத்துக்கு 10 கட்டி வென்றால் லாபமாக 9 மட்டும் கொடுக்கிறார்கள். எந்தப் பக்கத்தில் கட்டினாலும் கட்டுகிறவருக்கே நட்டம். முதல் பக்கம் நூற்றுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல், மறுபக்கம் மூன்று ரூபாய்.

மூன்று சீட்டுக்குத் திரும்புவோம். பூட் போடுவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டியவை சில. ஏஸ்-2-3 எந்த இடம். ஒரு சீட்டை மட்டும் தூக்கிப் பார்த்தாலும் 'பார்த்தவர்' கணக்குதானா (ஆம் என்று வைப்பதே நல்லது). எத்தனை சுற்று பிளைண்டு. பந்தயத்துக்கு உச்சவரம்பு எவ்வளவு. கடைசிக் கேள்வியை வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். 10 ரூபாயைப் பத்து முறை இரட்டிப்பாக்கினால் 10,240. நான்கு பேர் பிடிவாதமாக இரட்டிப்பாக்கினால் மூன்றாவது சுற்றிலேயே அங்கே போய்விடலாம். வரம்பை எட்டியதும் மிச்சமிருக்கும் எல்லாரும் சீட்டைத் திறக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

சீட்டைக் கலைப்பதில் பெரும்பாலான மேசைகள் சோம்பேறிகள். ஒரு ஆட்டத்தின் சீட்டுகளை வாரி, கட்டின் மேல் வைத்து, ஒரு வெட்டு, உடனே அடுத்த பங்கு. ஷோவில் திறந்த ஜோடி ஜோடியாகவே கட்டுக்குள் போகிறது. வெட்டு அதைப் பிரிப்பதில்லை, இடம் மட்டும் மாற்றுகிறது. கட்டை இரண்டாகப் பிரித்து விளிம்போடு விளிம்பு பின்னிக் கலைத்தால் ஏழு முறை வேண்டும் என்று 1992-இல் வெளியான ஒரு கணித ஆய்வு காட்டியது. மூன்று முறையோடு நிறுத்தினால் நான் மேலே சொன்ன எந்த எண்ணையும் நம்ப வேண்டாம். அவை ஒழுங்காகக் கலைந்த கட்டுக்கு மட்டுமே பொருந்தும்.

கடைசியாக, சீனாவில் ஆடும் மூன்று சீட்டு, ஜா ஜின் ஹுவா. அங்கே கலர் சீக்வென்ஸுக்கு மேலே. மூன்று சீட்டுதான், எண்ணிக்கையும் இதே 720, 1,096-தான், இருந்தும் வரிசை வேறு. அதற்கு மேல் இன்னொன்று: இனம் கலந்த 2-3-5 இருக்கிறதே, 2-3-4 சீக்வென்ஸ் ஆகிவிடுவதால் எல்லாக் கைகளிலும் கடைசியில் நிற்கும் கை, அது அங்கே பல மேசைகளில் எவரிடமும் தோற்கும், ட்ரெயிலிடம் மட்டும் தோற்காது. எதிரில் மூன்று ஏஸ் திறந்தால் 2-3-5 வைத்திருப்பவர்தான் பணத்தை வாரிக்கொண்டு போவார். 22,100-இல் அப்படிப்பட்ட கைகள் 60. எப்போதும் மடக்கிப் போடும் கை அது என்பதால், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஷோ வரைக்கும் பணம் கட்டியவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.