அரியலூர் ஆமையும் பெசன்ட் நகர் ஆமையும்: நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். பெசன்ட் நகர் கடற்கரையில் முட்டையிட ஏறி வந்த பங்குனி ஆமையை நேரில் கண்ட நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த ஆமைப் புதைபடிவம் இதற்கு மூதாதையா? கழுத்தை வைத்து வகை பிரிப்பதாகச் சொன்னீர்கள். கல்லாகிப்போன ஆமை கழுத்தை எப்படி மடக்கியது என்று எவ்வாறு அறிவது?"

மூதாதை அல்ல. கல்லமேட்டு ஆமை டைனோசர்களின் கடைசிக் காலத்தில், ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. புதைபடிவ ஆய்வாளர்களான காஃப்னி, சங்கர் சட்டர்ஜி, ருத்ரா ஆகிய மூவரும் 2001இல் அதற்குக் 'கூர்மாடெமிஸ் கல்லமேடென்சிஸ்' என்று பெயர் வைத்தார்கள். கூர்ம அவதாரமும் நம் ஊர்ப் பெயரும் சேர்ந்த பெயர் அது. அது பக்கவாட்டில் கழுத்தை மடக்கும் இனம். பங்குனி ஆமையோ, கழுத்தை மேலும் கீழுமாக மடக்கி உள்ளிழுக்கும் கிளையைச் சேர்ந்தது. கடலாமையால் தலையை உள்ளிழுக்கவே முடியாதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், அதனால்தான் கழுத்து என்பது பெயருக்கு மட்டுமே அடையாளம் என்கிறேன்.

உண்மையான அடையாளம் மண்டையோட்டில் இருக்கிறது. ஆமையின் காதுப் பகுதி எலும்பு பெருத்து வழியை மறிப்பதால், தாடையை மூடும் தசையின் நாண், கிணற்றுக் கயிறு ராட்டினத்தில் திரும்புவதைப் போல, ஓர் எலும்பின் மேல் வளைந்து செல்கிறது. பங்குனி ஆமையின் கிளையில் அந்த ராட்டினம் காதுப் பகுதி எலும்பே. பக்கக்கழுத்துக் கிளையில் அது வாயின் மேற்கூரை எலும்பிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை. அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் கோப் 1860களில் கழுத்தைக் கொண்டு பிரித்த இரு கிளைகளை, 1975இல் காஃப்னி இந்த ராட்டினத்தைக் கொண்டு உறுதிப்படுத்தினார். கூர்மாடெமிஸின் மண்டையோடும் கிடைத்ததால் அதன் கிளையை இப்படி அறிய முடிந்தது; அது நமது நல்வாய்ப்பு.

மண்டையோட்டைப் பாராமல் ஆமையோட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியில் கிடைத்து 1913இல் பெயரிடப்பட்ட புரோட்டெரோகெர்சிஸ் என்ற புதைபடிவ ஆமை நல்ல சான்று. அதன் இடுப்பெலும்பு ஓட்டுடன் ஒட்டிக்கொண்டிருந்தது; பக்கக்கழுத்து ஆமைகளிலும் அப்படித்தான் இருக்கும். ஆகவே காஃப்னி உட்படப் பலர் அதை அக்கிளையின் மிகப் பழைய உறுப்பினராகக் கருதினர். பின்வந்த ஆய்வுகள், இரு கிளைகளும் பிரிவதற்கு முற்பட்ட அடிமர ஆமைகளோடு அதைச் சேர்த்தன. மண்டையோட்டின் தசைவழியைக் கொண்டு கிளைகளை உறுதிப்படுத்திய காஃப்னியையே இடுப்பெலும்பு ஏமாற்றியிருக்கிறது என்பது எனக்கு வேடிக்கையாகவே இருக்கிறது.

கூர்மாடெமிஸுக்கு நெருங்கிய உறவு மடகாஸ்கரில் கிடைத்தது. 2009இல் அறிவிக்கப்பட்ட கின்கோனிகெலிஸ் அது. இந்தியா மடகாஸ்கரை விட்டுப் பிரிந்தது கூர்மாடெமிஸின் காலத்துக்கு ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் என்பதால் அந்த உறவு வியப்புக்குரியதன்று. ஆனால் இன்று இந்தியாவில் இயற்கையாக வாழும் ஆமைகளில் ஒன்றுகூடப் பக்கக்கழுத்து ஆமை அல்ல. மடகாஸ்கரில் இன்னும் இருக்கின்றன.