வற்றும் நேரத்து மார்கேட்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் கென்ட் கரையோரத்தில் உள்ள மார்கேட் என்னும் சிறு நகரில் பல ஆண்டுகளாக வசித்துப் படம் வரைந்து வருகின்றவள் என்ற முறையில், அந்த நகரில் எனக்குப் பிடித்த இடங்களைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். இடங்கள் என்று கேட்டவுடன் ஒப்புக்கொண்டுவிட்டேன்; ஆனால் எனக்குப் பிடித்தவற்றுள் பாதி எந்நேரமும் இருக்கும் இடங்கள் அல்ல. கடல் விலகினால்தான் அவை இருக்கும், திரும்பினால் இல்லாமற்போகும். ஆகவே இடத்தைச் சொல்லும்போதெல்லாம் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் பிறந்தவள். எங்களுக்குக் கடல் வடக்கே. கடலைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் விடியும், இடக்கைப் பக்கம் பொழுது சாயும். மார்கேட்டும் வடக்கு நோக்கிய கரைதான். முதன்முதலாகப் புகையிரதத்தை விட்டு இறங்கிக் கடலைப் பார்த்தபோது, நாடு மாறியும் திசை மாறாமல் இருந்தது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை ஊரை விட்டு வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாறியிருந்தது வேறொன்று. எங்கள் பக்கத்துக் கடலில் நீர் இறங்கும் வற்றுக்கும் நீர் ஏறும் பெருக்குக்கும் இடையே ஒரு மீட்டர் உயரம்கூட வராது. மார்கேட்டில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அது நான்கு மீட்டரைத் தாண்டும்.

இது எனக்குத் தெரியாது என்பதுதான் இப்போது சொல்லப்போகும் கதை.

வந்த முதல் ஆண்டு, கோடை காலத்தில் ஒரு நாள், வண்ணப் பெட்டியையும் மடக்குக் கதிரையையும் தூக்கிக்கொண்டு ஹார்பர் ஆர்ம் என்று ஊரார் அழைக்கும் கல் அணைக்குப் போனேன். ஜான் ரென்னி என்ற பொறியியலாளரின் திட்டப்படி 1815இல் கட்டி முடிக்கப்பட்ட அணை அது. கடலுக்குள் கையை நீட்டி வளைத்ததுபோல் இருக்கும். அந்த வளைவுக்குள் ஒரு சொட்டு நீரும் இல்லை. சேற்றில் ஏழெட்டு வள்ளங்கள் ஒருக்களித்துப் படுத்திருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து, கயிறுகள் தொய்ந்து, அடிப்பகுதியின் செந்நிறப் பூச்சு வெயிலில் காய்ந்து கிடந்த அந்தக் காட்சி, கைவிடப்பட்ட துறை ஒன்றின் காட்சியாகவே எனக்குப் பட்டது. போர்க்காலத்தில் வள்ளங்கள் கரையிலேயே கிடந்ததைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு வேறெப்படித் தோன்றும்? மனம் கனத்துப்போய், மிகுந்த துயரத்தோடு வரையத் தொடங்கினேன். சேறும் இரண்டு வள்ளங்களும் முடிந்தன. கை குளிர்ந்துவிட்டதால் ஒரு தேத்தண்ணீர் குடிக்கப் போய், அங்கே பேச்சு வளர்ந்து, திரும்பி வந்து பார்த்தால், என் துயரம் முழுவதும் மிதந்துகொண்டிருந்தது. எல்லா வள்ளங்களும் நிமிர்ந்து நின்றன, கயிறுகள் விறைத்திருந்தன. கதிரைக்குப் பக்கத்தில் நின்று என் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவர், “மீதியை வரையப் பன்னிரண்டரை மணி நேரம் கழித்து வாருங்கள், அம்மா” என்ற பொருள்பட ஏதோ சொல்லிவிட்டுச் சிரிக்காமல் போய்விட்டார்.

ஒரு வற்றிலிருந்து அடுத்த வற்றுக்கு எண்ணினால் அவர் சொன்ன கணக்குச் சரியானது. வற்று ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்திப் பிந்தி வரும். மறுநாள் ஐம்பது நிமிடம் கழித்துப் போனால் வள்ளங்கள் அதேபோல் படுத்திருக்கும். ஆனால் வெளிச்சம் ஐம்பது நிமிடம் நகர்ந்திருக்கும், நிழல் வேறு பக்கம் விழும். அதே வற்றும் அதே வெளிச்சமும் ஒருங்கே கிடைக்க ஏறக்குறைய பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும். அந்தப் படத்தை முடிக்க எனக்கு ஒரு கோடை முழுவதும் ஆயிற்று. என் தாயார் விரதத்துக்காக அமாவாசை பார்த்த அதே தமிழ் நாள்காட்டி இன்று என் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. நான் அதில் வள்ளங்களைப் பார்க்கிறேன். அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்த ஓரிரு நாளில், கோடையாக இருந்தால் மாலை ஏழு மணியை ஒட்டித் துறை வற்றிக் கிடக்கும். மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்: மாலை ஏழு மணி.

துறைக்குக் கிழக்கே டர்னர் கன்டெம்பரரி என்ற கலைக்கூடம் இருக்கிறது. ஓவியர் டர்னர் பிற்காலத்தில் வந்து தங்கிய திருமதி பூத்தின் விடுதி இருந்த இடத்தில் 2011இல் திறக்கப்பட்டது. உள்ளே இருப்பவற்றைப் பற்றி மற்றவர்கள் பேசட்டும். நான் போவது வடக்குப் பார்த்த கண்ணாடிக்காகத்தான். நேர் வெயில் விழாமல் ஒரே சீராக இருக்கும் வடக்கு வெளிச்சத்துக்காக ஓவியர்கள் வாடகை கூட்டிக் கொடுப்பார்கள். இங்கே ஊரே வடக்குப் பார்த்து இருக்கிறது. வெளியே, பாறையின் மேல், ஆன்டனி கோர்ம்லி வார்த்த இரும்பு மனிதன் 2017 முதல் கடலைப் பார்த்து நிற்கிறான். பெருக்கில் மூழ்குவான், வற்றில் எழுவான். அவனுக்கும் நேரம் பார்த்தே போக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், கிளிஃப்டன்வில் பக்கம் உள்ள வால்போல் பே குளம். 1937இல், சுண்ணக்கல் மலையடியில், கடலுக்குள்ளேயே மூன்று பக்கம் கொங்கிரீட் சுவர் எழுப்பிக் கட்டியது. ஏறத்தாழ நான்கு ஏக்கர். பெருக்கில் கடல் சுவரைத் தாண்டி வந்து நிரப்பிவிட்டுப் போகும். கீரிமலைக் கேணியில் குளித்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும்: அங்கே கடலை வெளியே நிறுத்தி ஊற்று நீரைக் காக்கும் சுவர், இங்கே விலகும் கடலில் ஒரு பங்கைப் பிடித்துவைக்கும் சுவர். புயலுக்கு மறுநாள் போனால், சுண்ணம் கரைந்து நீர் பாலாக இருக்கும். அதை வரைய நீலம் உதவாது. வெள்ளையோடு சிறிது காவி, ஊசிமுனை அளவு பச்சை, அவ்வளவுதான். பல ஆண்டுகள் நீலத்தை வீணாக்கிய பிறகே இதைக் கண்டுகொண்டேன். பனிக்காலத்திலும் அங்கே நீந்துகின்ற பெண்கள் இருக்கிறார்கள். நான் சுவரில் உட்கார்ந்து வரைவதோடு சரி.

சிப்பிக் குகையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஊரார் கோபிப்பார்கள். 1835இல் கண்டுபிடிக்கப்பட்டது, 46 இலட்சம் சிப்பிகள் பதித்தது, யார் எதற்காகச் செய்தார்கள் என்பது இன்றும் தெரியாதது. ஒருமுறை அவசியம் பாருங்கள். எனக்கு ஒருமுறை போதுமாக இருந்தது. எந்நேரமும் ஒரேமாதிரி இருக்கும் இடம் அது.

கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டுகிறார்கள், நேரம் முடிகிறதாம். நேலண்ட் ராக் நிழற்குடையை நிதானமாகச் சொல்ல எண்ணி இறுதியில் வைத்திருந்தேன். புகையிரத நிலையத்துக்கு வெகு அருகில், கடலைப் பார்த்த பழைய மர வாங்குகள். 1921இல் உடல்நலம் தேறுவதற்காக வந்திருந்த கவிஞர் டி. எஸ். எலியட் அங்கே உட்கார்ந்து எழுதினார். அங்கிருந்து கோடையில் சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கலாம், ஒன்பது மணிக்குச் சற்றுப் பின். ஏழு மணிக்குத் துறையைப் பார்த்துவிட்டு நடந்து வந்தால் சரியாக இருக்கும். கம்பளிச் சட்டை கொண்டு வாருங்கள். வணக்கம்.