பூனைக்குப் போய் அழுவதா?

(மலேசியா, பினாங்குத் தீவின் ஜோர்ஜ்டவுனில் நடந்த குடியிருப்பாளர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் டத்தோ அவர்களே, சட்டமன்ற உறுப்பினரின் சார்பில் வந்திருக்கும் உதவியாளர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட ஆலய நிர்வாகத்தினரே, காலையிலிருந்து அடுப்படியில் நின்று நமக்குப் பலகாரம் செய்த மகளிர் பிரிவுத் தலைவி அம்மா அவர்களே, பாலம் கடந்து பிறையிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் வந்திருக்கும் அன்பர்களே, பின்வரிசையில் இடமில்லாமல் நிற்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். டத்தோ அவர்களுக்கு இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது. ஆனாலும் என் பேச்சு முடியும்வரை இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்குத் தனியாக என் நன்றி.

மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். வளர்த்த பிராணியைப் பறிகொடுத்தவரிடம் என்ன பேசுவது, வீட்டுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது, வேலை இடத்தில் அதை எப்படிச் சமாளிப்பது. முடிவில் ஒரு கோரிக்கையும் இருக்கிறது. என்னிடம் படித்தவர்கள் சிலர் இங்கே இருக்கிறார்கள். எதைத் தொடங்கினாலும் டீச்சர் ஒரு பழமொழியில் வந்து நிற்பார் என்று அவர்களுக்குத் தெரியும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

எங்கள் பிளாட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார், மகள் ஜொகூரில். வீட்டில் அவரும் ஒரு பூனையும்தான். பெயர் மணி. மழையில் சாக்கடையோரம் கத்திக்கொண்டிருந்த குட்டியைப் பேரன் தூக்கி வந்து தாத்தாவிடம் கொடுத்தது. 14 வருடம் இருந்தது. காலையில் பெரியவர் ரொட்டி சானாய் வாங்கக் கீழே இறங்கினால் மணி லிஃப்ட் வாசல்வரை கூடவே வரும். அவர் திரும்பும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும். நெத்திலியைத் தண்ணீரில் ஊறவைத்து, உப்புப் போனபிறகு ஒவ்வொன்றாகத் தலை கிள்ளிக் கொடுப்பார். கடைசியில் கிட்னி போய்விட்டது. வயதான பூனைகளுக்கு அடிக்கடி வருகிற நோய் அது.

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை மணி இறந்துவிட்டது. மனைவியின் பழைய கைலியில் சுற்றி, மீ பெட்டி ஒன்றில் வைத்து, பெரியவர் கீழே இறங்கினார். எங்கே புதைப்பது? பிளாட்டைச் சுற்றி எல்லாம் சிமெண்டு. கார் நிறுத்துமிடத்தை ஒட்டிக் கொஞ்சம் புல் இருந்தது. அங்கே மண்வெட்டியை வைத்ததும் மேலேயிருந்து ஒருவர் சத்தம் போட்டார். காவலாளி ஓடி வந்து, "அங்கிள், இங்க கூடாது" என்றார். புக்கிட் மெர்தாஜாமில் நிலம் வைத்திருக்கும் அக்காள் மகனுக்குப் போன் போட்டார். "பூனைக்குப் போயா மாமா இவ்வளவு அமர்க்களம்? கறுப்புப் பையில கட்டிக் குப்பைத் தொட்டியில போடுங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

நான் மார்க்கெட்டிலிருந்து வரும்போது வெயில் ஏறிவிட்டது. பெரியவர் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் பெட்டி. எறும்பு ஏற ஏறத் துண்டால் துடைத்துக்கொண்டே இருக்கிறார். "டீச்சர், குப்பையில போட மனசு வரல" என்றார். எனக்கும் வாயில் வார்த்தை வரவில்லை.

அந்த நேரத்தில் கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, கடைக்கதவைப் பாதி இழுத்துவிட்டு வந்தார். பெட்டியைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். "மணிக்கு எத்தனை வயசு?" என்று மலாயில் கேட்டார். அவ்வளவுதான். அதுவரை கல்லாக இருந்த மனிதர் அப்போதுதான் அழுதார். அழுதுகொண்டே குட்டியாக வந்த நாள் தொடங்கி எல்லாம் சொன்னார், தவுக்கே கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் தன் வேனில் எங்களை ஏற்றிக்கொண்டு பாலிக் புலாவில் இருக்கும் தன் அண்ணனின் டுரியான் தோட்டத்துக்குப் போனார். மூன்றடி ஆழம் வெட்டினார்கள். பெரியவர் திருநீறு தூவி, ஒரு பிடி நெத்திலியும் போட்டார். மண்ணைத் தள்ளியதும் தவுக்கேதான்.

மறுவாரம் தேத்தண்ணிக் கடையில் "வேற ஒண்ணு வாங்கிக்கலாமே" என்று யாரோ சொன்னார்கள். பெரியவர் அந்தக் கடைக்குப் போவதையே விட்டுவிட்டார். அந்த அக்காள் மகன் இருக்கிறாரே, அவர் வளர்த்த நாய் அடுத்த வருடம் லாரியில் அடிபட்டுச் செத்தது. நடுராத்திரியில் மாமாவுக்குத்தான் போன் போட்டு அழுதார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்!

ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம் உள்ளேயே தங்கிவிடும் என்று அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டோகா 1989இல் விளக்கி எழுதினார். எட்டாம் நாள், பதினாறாம் நாள் என்று நமக்குச் சடங்கு உண்டு, சொந்தபந்தம் வரும், சோறு வரும். பூனை செத்தால் யார் வருகிறார்கள்? நீங்கள் போங்கள். பெயர் சொல்லி விசாரியுங்கள். போட்டோ காட்டினால் பாருங்கள். "வெறும் நாய்தானே" என்று மட்டும் சொல்லாதீர்கள். நோய் முற்றிய பிராணியை வலியில்லாமல் சாக ஊசி போட்டு அனுப்பியவர்கள் நானே கொன்றுவிட்டேனோ என்று தவிப்பார்கள். அவர்களிடம், அது படுகிற வேதனையைப் பார்த்துத்தானே செய்தீர்கள் என்று எத்தனை முறையானாலும் சொல்லுங்கள். ராத்திரியில் தாங்க முடியாதவர்களுக்கு, போனில் மனக்கஷ்டத்தைக் கேட்டுக்கொள்ளும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு இருக்கிறது. 1970இல் கோலாலம்பூரில் தொடங்கியது, பினாங்கிலும் உண்டு. கூப்பிடுவதில் வெட்கமில்லை.

பிள்ளைகளிடம் "தூங்குது", "ஊருக்குப் போயிருக்கு" என்று சொல்லாதீர்கள். சின்னப் பிள்ளை தூங்கவே பயப்படும், அல்லது வாசலில் காத்துக்கொண்டிருக்கும். செத்துப்போச்சு, இனி வராது என்று மடியில் வைத்துச் சொல்லுங்கள்.

வேலை இடம் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. நம் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் பெற்றோர் இறந்தாலே துக்க விடுப்பு கட்டாயமில்லை. அதை இன்னொரு நாள் பேசுவோம், டத்தோ அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் முக்கியமாகக் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

நமக்கு ஓர் இடம் வேண்டும். தோட்டத்தில் இருந்தபோது லயத்துக்குப் பின்னால் ரப்பர் மரத்தடியில் புதைத்தோம். தோட்டம் போய் பிளாட்டுக்கு வந்தோம், காலடியில் மண் இல்லை. மனிதருக்கு இங்கே பத்து லஞ்சாங் என்ற இடத்தில் சுடலை இருக்கிறது. பிராணிக்குத் தனியார் தகனம் உண்டு, ஆனால் பல நூறு வெள்ளி (ரிங்கிட்) ஆகும். துப்புரவுச் சம்பளக்காரர் என்ன செய்வார்? இன்னொன்று, ஊசி போட்டு அனுப்பிய பிராணியின் உடலில் அந்த மருந்து தங்கியிருக்கும். மேலோட்டமாகப் புதைத்தால் தோண்டித் தின்கிற தெருநாயும் சாகக்கூடும். ஆகவே இது துக்கப்படுகிறவர் விவகாரம் மட்டுமல்ல, ஊர்ச் சுகாதாரம்.

விலங்கு நலச் சட்டம் 2015 இருக்கிறது. கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 வெள்ளிவரை அபராதம், அல்லது மூன்று வருடம்வரை சிறை, அல்லது இரண்டும். நல்ல சட்டம். நாய்க்கு லைசென்ஸ் என்று மாநகர் கழகம் வருடாவருடம் பணமும் வாங்குகிறது. உயிரோடு இருக்கும்போது கணக்கில் வைத்தவர்கள் செத்தபின் குப்பை லாரியைக் காட்டக் கூடாது. தீவில் ஒன்று, பாலத்துக்கு அக்கரையில் செபராங் பிறையில் ஒன்று, குறைந்த கட்டணத்தில் ஒரு தகன அடுப்பும் புதைக்கத் துண்டு நிலமும் கேட்கிறோம். எந்த அதிகாரிக்காவது இது சின்ன விஷயமாகத் தெரிந்தால், தலைவலியும் காய்ச்சலும் என்று நான் நேரில் போய்ச் சொல்லத் தயார்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் அச்சடித்திருக்கிறோம். உதவியாளர் ஐயா இன்றே கையோடு வாங்கிக்கொண்டு போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். கையெழுத்தோடு அடையாள அட்டை எண்ணையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் கணக்கில் சேராது. தவுக்கே முதல் தாளில் முதல் ஆளாகப் போட்டுவிட்டார். அடுத்த வரி பெரியவருடையது. மூன்றாவது வரியிலிருந்து நீங்கள் தொடங்கலாம். வணக்கம்.