ஆய்வகத்தில் வளரும் தோலும், காத்திருக்கும் மூன்று வாரமும்

[காட்சி: ரப்பர் தோட்டம். பால் வெட்டும் கை, பக்கத்தில் வைத்து.]

வணக்கம். களியக்காவிளை தாண்டி, பாறசாலைக்குப் போகும் வழியில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் நின்று பேசுகிறேன். பால் வெட்டும் அண்ணன் கத்தி பிடிக்கிற விதத்தைப் பாருங்கள். பட்டையை மெல்லிசாகச் சீவுகிறார், மரத்தில் படவே விடமாட்டார். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் வளரும் படலம் ஒன்று இருக்கிறது. அது தப்பினால் சில வருடத்தில் புதுப் பட்டை வந்துவிடும். அதில் கத்தி இறங்கினால் அந்த இடம் முண்டு கட்டிப்போகும். நம் தோலுக்கும் இதே கணக்குதான்.

[காட்சி: தோலின் குறுக்குவெட்டுப் படம்.]

மேல்தோல் பெரும்பாலான இடங்களில் 0.1 மில்லிமீட்டர் அளவுதான். அதன் அடிவரிசை செல்கள்தான் பிரிந்து பிரிந்து மேலே புதுத் தோலைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அதற்குக் கீழே உள்தோல். ரத்தக்குழாய், நரம்பு, வியர்வைச் சுரப்பி, முடியின் வேர் எல்லாம் அங்கே. தீக்காயம் மேலோடு நின்றால் மிச்சமிருக்கும் செல்களும் முடிவேர்களும் சேர்ந்து தோலை மூடிவிடும். உள்தோலும் வெந்துபோனால் விதை மிஞ்சாது. ஓரத்திலிருந்து ஊர்ந்து வந்தால்தான் உண்டு.

அதனால்தான் சர்ஜன் தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்துக் காயத்தில் ஒட்டுகிறார். எடுத்த இடம் இரண்டு வாரம் போல ஆகி ஆறிவிடும். சரி, உடம்பில் பாதிக்கு மேல் வெந்த ஒருவருக்கு எங்கிருந்து எடுப்பது?

இதற்கு விடை வந்தது 1975இல். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹோவர்ட் கிரீனும் அவருடைய மாணவர் ஜேம்ஸ் ரைன்வால்டும் எலியின் கட்டி ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தோல் அவர்கள் தேடிய பொருளே இல்லை. தட்டில் தோல் செல் மாதிரி ஒன்று வளர்வதைப் பார்த்ததும், அதை விடாமல் பின்தொடர்ந்தார்கள். அந்தக் கவனத்துக்கு எத்தனையோ பேர் தங்கள் உயிருக்காகக் கடன்பட்டிருக்கிறார்கள்.

[காட்சி: வளர்ப்புத் தட்டு, இளஞ்சிவப்பு நீர்.]

முறையைப் பார்ப்போம். கதிர்வீச்சு கொடுத்து, இனிமேல் பிரிய முடியாதபடி செய்த எலி செல்களைத் தட்டில் ஒரு விரிப்பாகப் பரப்புவார்கள். அவை பெருகாது, ஆனால் மனிதத் தோல் செல்லுக்கு வேண்டியதைக் கொடுத்துத் தாங்கும். நோயாளியிடமிருந்து தபால்தலை அளவுத் தோல் எடுத்து, நொதியில் ஊறவைத்துச் செல்களைப் பிரித்து அதன்மேல் விதைப்பார்கள். 37 டிகிரி வெப்பம், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, சில நாளுக்கு ஒருமுறை புது ஊட்ட நீர். தோல் செல்கள் தீவு தீவாகப் பெருகி, எலி செல்களை ஒதுக்கித் தள்ளிவிட்டு, ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும். தட்டு நிறைந்ததும் வேறொரு நொதி ஊற்றினால் முழுத் தாளாக எழும்பி வரும். சில செல் அடுக்குக் கனம்தான், விரலால் தொட்டால் சுருண்டுவிடும். வாஸ்லின் தடவிய துணியில் அதை இணைத்து அறுவை அரங்குக்குக் கொண்டுபோவார்கள். மூன்று நான்கு வாரத்தில் அந்தத் தபால்தலை ஒரு உடம்பையே மூடும் அளவுக்குப் பெருகும்.

1983இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் சகோதரர்கள் இரண்டு பேர், 5 வயதும் 6 வயதும். உடம்பில் 95 சதவீதத்துக்கு மேல் தீக்காயம். பாஸ்டனில் அவர்களுடைய சொந்தச் செல்லிலிருந்தே தோல் வளர்த்து உடம்பில் ஏறக்குறைய பாதியை மூடினார்கள். இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

ஆனால் இது முழுத் தோல் இல்லை. வியர்வைச் சுரப்பி கிடையாது, முடி கிடையாது. அடியில் உள்தோல் இல்லாவிட்டால் எளிதில் கொப்புளிக்கும், உரியும். நம் ஊர்ப் புழுக்கத்தில் உடம்பின் பெரும்பகுதி வியர்க்காது என்றால், வெயிலில் போய் வேலை செய்வதே ஆபத்து. பிழைத்தவரின் மீதி வாழ்க்கையை இது தீர்மானிக்கிறது. அதனால் இதைச் சின்னக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

அதற்கும் வேலை நடக்கிறது. மாட்டின் கொலாஜன் என்ற புரதத்தையும் சுறாவின் குருத்தெலும்புப் பொருளையும் கொண்டு செய்த இன்டெக்ரா என்ற, உள்தோல் வளரத் தாங்கிப் பிடிக்கும் சட்டகத்துக்கு 1996இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நம் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனத்தார் பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை நீக்கி, மிஞ்சும் சட்டகத்தைக் கொண்டு காயம் ஆற்றும் பொருள் செய்திருக்கிறார்கள். பெயர் கோலிடெர்ம். 2017இல் தொட்டாலே தோல் உரியும் பரம்பரை நோயுள்ள ஒரு சிறுவனுக்கு, மரபணுவைத் திருத்தி வளர்த்த தோலால் மேல்தோலில் 80 சதவீதத்தை மாற்றிய செய்தி வெளியானது. 2020இல், பல வகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து முடியோடு வளரும் தோல் உருண்டையை ஆய்வகத்தில் காட்டினார்கள். அது இன்னும் ஆராய்ச்சிதான்.

[காட்சி: ரப்பர் பால் ஊற்றிய டிஷ்கள், பக்கத்தில் ஆசிட் கேன்.]

அப்புறம், வளர்த்த தோலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஷீட் அடிக்கப் பாலில் ஊற்றுகிறோமே, பார்மிக் ஆசிட், அது கையில் பட்டால் வெந்துவிடும். (பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவுங்கள், அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி.) ஒரு ரசாயனம் தோலை அரிக்குமா என்று பார்க்க, முன்பு முயலின் முதுகை மழித்துத் தடவுவார்கள். இப்போது வளர்த்த தோல் இருக்கிறது. செல்களை நுண்துளை விரிப்பில் விதைத்து, அடிப்பக்கம் ஊட்ட நீரிலும் மேல்பக்கம் காற்றிலும் இருக்கும்படி வைப்பார்கள். காற்றுப் பட்டதும் மேலே நம் தோல் மாதிரியே உலர்ந்த அடுக்கு கட்டும். அதில் ரசாயனத்தை 3 நிமிடம் வைத்துக் கழுவி, மஞ்சள் சாயம் ஒன்றை ஊற்றுவார்கள். உயிரோடிருக்கும் செல் அதை ஊதாவாக்கும். பாதிக்கும் கீழே பிழைத்தால் அரிக்கும் பொருள் என்று முடிவு. இந்தியாவில் அழகுப் பொருள்களை விலங்குகள்மேல் சோதிப்பதை 2014இலேயே தடை செய்துவிட்டார்கள்.

[காட்சி: மறுபடி நான்.]

இனி, எனக்கு முக்கியமாகத் தோன்றும் விஷயம். சொந்தத் தோல் வளர மூன்று வாரம் ஆகும். அதுவரை திறந்த காயத்தில் நீர் வடியும், கிருமி ஏறும். பலர் அந்த நாள்களில்தான் இறந்துபோகிறார்கள். அந்த இடைவெளியைத் தாங்குவது இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த தோல். உடம்பு அதை இரண்டு மூன்று வாரத்தில் நிராகரித்துவிடும். ஆய்வகத் தட்டு நிறைவதும் ஏறக்குறைய அப்போதுதான்.

இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். தொடையிலும் முதுகிலும் மேல்படலம் மட்டும்தான் சீவுவார்கள், முகத்தைத் தொடமாட்டார்கள், ரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. கிளிசராலில் 4 டிகிரியில் வைத்தால் ஐந்து வருடம் வரை இருக்கும். கோவை கங்கா மருத்துவமனையில் தோல் வங்கி இருக்கிறது. கண்தானத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் வீட்டில் இதையும் இன்றைக்கே சொல்லி வையுங்கள், ஏனென்றால் அந்த ஆறு மணி நேரத்தில் போன் செய்ய வேண்டியவர்கள் அவர்கள்தான்.