கைக்குழந்தைக்கு நீலகிரித் தைலம் தடவலாமா?

ஒரு தாய் கேட்டிருக்கிறார், வாசிக்கிறேன். "ஊட்டிக்குப் போன மாமனார் நீலகிரித் தைலம் வாங்கி வந்தார். எட்டு மாதக் குழந்தைக்குச் சளி பிடித்து மூக்கடைத்திருக்கிறது. மூக்கிலும் நெஞ்சிலும் தடவலாமா? ஆன்லைனில் டிஃப்யூசரும் (வாசனை எண்ணெயை அறையில் ஆவியாகப் பரப்பும் கருவி) நான்கு எசென்ஷியல் ஆயிலும் வாங்கியிருக்கிறேன். எது அசல் என்று எப்படிப் பார்ப்பது, எப்படிப் பயன்படுத்துவது?"

முதல் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வேண்டாம்மா. மூக்கில் வேண்டாம், நெஞ்சில் வேண்டாம், தலையணை ஓரத்தில் ஒரு சொட்டுகூட வேண்டாம். கைக்குழந்தையின் மூக்கருகே இந்தக் காரமான நெடி பட்டால் குரல்வளை சட்டென்று இறுகி மூச்சு திணறலாம்.

"எங்கள் பாட்டி தைலம் தடவித்தானே எங்களை வளர்த்தார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குழப்பமே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. பாட்டி காய்ச்சிய தைலம் என்பது நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ மூலிகையைப் போட்டுக் காய்ச்சி இறக்கியது. அதில் முக்கால்வாசிக்கு மேல் சாதாரண எண்ணெய். அதை உள்ளங்கை நிறைய எடுத்துத் தேய்ப்பார்கள். நீலகிரித் தைலம் அப்படி இல்லை. யூகலிப்டஸ் மரத்தின் தழையை ஆவியில் வேகவைத்து, வாலையில் வடித்து, சத்தை மட்டும் பிரித்தெடுத்தது. இப்படிச் செடியிலிருந்து பிரித்தெடுத்த வாசனைச் சத்தைத்தான் எசென்ஷியல் ஆயில் என்கிறார்கள். நூறு கிலோ தழை போட்டால் ஒன்று, ஒன்றரை கிலோ எண்ணெய் கிடைக்கும். இரண்டையும் தைலம் என்றே சொல்கிறோம். அதனால் கையும் பழைய அளவிலேயே ஊற்றுகிறது. அப்புறம், பெயரில் நீலகிரி இருந்தாலும் மரம் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தம். 1843 வாக்கில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காக நீலகிரியில் நட ஆரம்பித்தார்கள். நம் பாட்டிக்குப் பாட்டி அறிந்த மருந்து இல்லை இது.

இதோ பாருங்கள், இது தெர்மகோல் தட்டு. ஊட்டியில் வாங்கிய அதே எண்ணெய். ஒரு சொட்டு விடுகிறேன். கொஞ்சம் பொறுங்கள். தெரிகிறதா? சொட்டு விழுந்த இடம் பொரிந்து குழியாகிறது. தோல் தெர்மகோல் இல்லை, இப்படிக் கரையாது. ஆனாலும் தண்ணீர் மாதிரித் தெரிகிற இந்தத் திரவம் எவ்வளவு வீரியமானது என்று நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் காட்டினேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் சொந்தத்தில் ஒரு வீட்டில் சளி மருந்தும் நீலகிரித் தைலமும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டும் சின்னப் பாட்டில். ராத்திரி இரண்டு மணி, குழந்தை அழுகிறது, தூக்கக் கலக்கம். பாலாடையில் ஊற்றிவிட்டார்கள். வாயருகே கொண்டுபோகும்போது வாசனை வந்ததால் தப்பித்தது. ஒரு டீஸ்பூன், 5 மில்லி, உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பும் மயக்கமும் வரலாம். அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விரலை விடுவது, உப்புத் தண்ணீர் கொடுப்பது எதுவும் கூடாது. வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிலைமை மோசமாகும். 108-ஐ அழையுங்கள், பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள்.

கற்பூரமும் இதே கதைதான். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துக் குழந்தையின் நெஞ்சில் தடவும் வழக்கம் இன்னும் நிறைய வீடுகளில் இருக்கிறது. அது தோல் வழியாகவே உள்ளே போகும், வலிப்பைத் தூண்டும். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சரி, மூக்கடைப்புக்கு என்ன செய்வது? மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் சொட்டு மருந்தை, உப்புநீர் மட்டும் உள்ளதாகக் கேட்டு வாங்கி, பால் கொடுப்பதற்கு முன்பு மூக்கில் விடுங்கள். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். மூச்சு வாங்குவது வேகமானாலோ, விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

இனி வாங்குவது பற்றி. லேபிளில் தாவரத்தின் அறிவியல் பெயர் இருக்கிறதா பாருங்கள். யூகலிப்டஸ் குளோபுலஸ், லவண்டுலா அங்கஸ்டிஃபோலியா (லாவெண்டர்) என்று முழுப் பெயரும் இருக்க வேண்டும். "ஃபிராக்ரன்ஸ் ஆயில்" என்றிருந்தால் அது வெறும் வாசனைக் கலவை. தயாரித்த தேதி, பேட்ச் எண், அடர்நிறக் கண்ணாடிப் பாட்டில் ஆகியவையும் வேண்டும். "தெரப்யூட்டிக் கிரேடு" என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள். அரசு தரும் தரச்சான்று எதுவும் அந்தப் பெயரில் கிடையாது, விற்பவர்கள் வைத்துக்கொண்ட பெயர்தான். சந்தனமும் ரோஜாவும் நூறு ரூபாய்க்குக் கிடைத்தால் அது அசலாக இருக்க வழியில்லை. நீலகிரித் தைலத்துக்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். பஜ்ஜி வைத்த காகிதம் மாதிரி எண்ணெய்க் கறை நின்றால் சாதாரண எண்ணெய் கலந்திருக்கிறது என்று அர்த்தம். கறை இல்லை என்பதால் மட்டும் சுத்தமானது என்று சொல்லிவிட முடியாது. சந்தனம், வெட்டிவேர் போன்ற கெட்டியான எண்ணெய்களுக்கு இந்தச் சோதனை ஒத்துவராது.

பெரியவர்கள் தடவிக்கொள்ள அளவு: இரண்டு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய்க்கு நான்கு சொட்டு எசென்ஷியல் ஆயில். சுமார் 2 சதவீதம் வரும். முகத்துக்கு அதில் பாதி. முதலில் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். குளிக்கும் வாளியில் சொட்டுவது வேண்டாம், தண்ணீரில் கரையாது, மிதந்து வந்து அப்படியே தோலில் ஒட்டும். எலுமிச்சைத் தோலிலிருந்து பிழிந்த எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும். பல்வலிக்குக் கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து அப்படியே அழுத்தாதீர்கள், ஈறு புண்ணாகும். வலிப்பு நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

டிஃப்யூசர் வாங்கிவிட்டீர்கள், பரவாயில்லை. குழந்தை இல்லாத அறையில், 100 மில்லி தண்ணீருக்கு மூன்று நான்கு சொட்டு, அரை மணி நேரம், ஜன்னல் திறந்திருக்கட்டும். வீட்டில் பூனை இருந்தால் டிஃப்யூசரையே தவிருங்கள். பூனையின் ஈரலுக்கு இவற்றைச் சரியாகக் கழிக்கும் திறன் கிடையாது. பாட்டில்களை அடுப்புக்கும் பூஜை விளக்குக்கும் தள்ளி, பீரோவுக்குள் பூட்டி வையுங்கள், இவை சீக்கிரம் தீப்பிடிக்கும். திறந்த தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதி பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள். பழசானால் காற்றுப்பட்டு மாறி, நேற்றுவரை ஒத்துக்கொண்ட தோலுக்கே அரிப்பு வரும்.