வீட்டில் எத்தனை கேன் எஞ்சின் ஆயில் வேண்டும்?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பிரிவில் என்னிடம் படித்தவர். இப்போது பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். தன் காருக்குத் தானே ஆயில் மாற்றும் பழக்கம் உள்ளவர். "சார், இருபது லிட்டர் வாளி ஒன்று நல்ல தள்ளுபடியில் கிடைக்கிறது. ஆறு வருடத்துக்கு ஆயில் கவலை விட்டது. வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டார்.

நான் திருப்பிக் கேட்டேன்: "தம்பி, இருபது லிட்டர் புது எண்ணெய் உள்ளே போனால் கிட்டத்தட்ட இருபது லிட்டர் கருப்பு எண்ணெய் வெளியே வரும். அதை எங்கே வைக்கப் போகிறீர்கள்?" மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை.

அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன்னாலும் வைக்க வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறவர்களைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சி. வண்டிக்கு அடியில் ஒரு முறை படுத்து எழுந்தவருக்கு எந்த இடத்தில் கசிவு, எந்த ரப்பர் வெடித்திருக்கிறது என்பதெல்லாம் கண்ணில் பட்டுவிடும். வடித்த எண்ணெயை வெயிலில் வைத்துப் பார்த்தால் உலோகத் துகள் மினுங்குகிறதா என்பதும் தெரியும். அந்தத் தகவலை எந்த ரசீதும் தருவதில்லை. வெறும் ஜாக்கியை நம்பி மட்டும் யாரும் அடியில் போகாதீர்கள். சம தரையில், தாங்கு கட்டைகளின் மேல் வண்டியை நிறுத்திவிட்டுப் போங்கள்.

ஆயில் வாங்கி வைப்பதும் தவறில்லை. சிறிய ஊர்களில் நமக்கு வேண்டிய ரகம் வேண்டிய நாளில் கிடைக்காது. கேள்வி எல்லாம் எத்தனை கேன் என்பதில்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் ஊரில் ஓடும் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஒரு முறைக்கு மூன்று முதல் மூன்றரை லிட்டர் ஆயில் போதும். 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்பது பெரும்பாலான கையேடுகளில் இருக்கும் வழக்கம். அப்படியானால் இருபது லிட்டர் வாளி ஆறு ஆண்டுக்கு வரும். மூடி திறக்காத எஞ்சின் ஆயிலுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் ஆயுள் ஏறக்குறைய 5 ஆண்டு. அதுவும் தயாரித்த தேதியிலிருந்து. நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. வாளியை முதல் ஆண்டே திறந்துவிடுகிறோம். பிறகு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காற்றும் ஈரமும் தூசியும் உள்ளே போகும். கடைசி மூன்று லிட்டரை எஞ்சினில் ஊற்றும்போது, தள்ளுபடியில் மிச்சம் பிடித்த பணத்தை எஞ்சினின் தலையில் ஏற்றி வைக்கிறோம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2018-ல் என்னிடம் ஒரு டீசல் கார் இருந்தது. அதற்கு 15டபிள்யூ-40 ரகம், அதாவது கொஞ்சம் கெட்டியான எண்ணெய். ஒரு கடையில் மலிவாகக் கிடைத்ததால் பெரிய வாளியாக வாங்கி வைத்தேன். 2021-ல் அந்தக் காரைக் கொடுத்துவிட்டுப் புது டீசல் கார் எடுத்தேன். இடையில் 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் புது வண்டிகளின் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதி வந்துவிட்டது. புது வண்டியின் புகைக்குழாயில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. இந்த வடிகட்டியைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

அடுப்பில் விறகு எரிகிறது. கரி மிஞ்சினாலும் மறுபடி பற்றவைத்தால் எரிந்துவிடும். சாம்பல் எரியுமா? எரியாது, அள்ளித்தான் கொட்ட வேண்டும். அந்த வடிகட்டியும் அப்படித்தான். பிடித்து வைத்த கரியை அவ்வப்போது தானே சூடேறி எரித்துக்கொள்ளும். ஆனால் எஞ்சின் ஆயிலில் சேர்க்கும் கால்சியம், துத்தநாகம் போன்ற சேர்மானங்கள் எரிந்தால் சாம்பல் வரும். அந்தச் சாம்பல் வடிகட்டியில் நிரந்தரமாகத் தங்கி, மெல்ல மெல்ல அதை அடைத்துவிடும். அதனால்தான் இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் என்று கையேட்டில் தனியாகப் போட்டிருக்கிறார்கள். என் வாளியில் ஒன்பது லிட்டர் மிச்சம் இருந்தது. நல்ல எண்ணெய்தான், ஆனால் என் வண்டிக்கு ஆகாத எண்ணெய். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் டிராக்டர் கையேட்டில் அதே ரகம் இருந்ததால் அவருக்குக் கொடுத்தேன். அவர் இல்லையென்றால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் யோசிக்கிறேன்.

பெட்ரோல் வண்டியிலும் இதே கதை உண்டு. கேனின் முகப்பில் ஏபிஐ என்று போட்டு இரண்டு எழுத்து இருக்கும். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் எண்ணெய்க்குத் தரும் தரக் குறியீடு அது. 2010-ல் எஸ்.என். வந்தது. 2020-ல் எஸ்.பி., 2025-ல் எஸ்.க்யூ. எஞ்சின் மாற மாற, எண்ணெயிடம் அது எதிர்பார்ப்பதும் மாறுகிறது. இன்றைய சிறிய டர்போ பெட்ரோல் எஞ்சின், குறைந்த வேகத்தில் அதிகப் பாரம் இழுக்கும்போது, தீப்பொறி விழும் முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பிஸ்டனே உடையும் அளவுக்கு அந்த அடி பலமாக விழும். அதைத் தடுக்கும் சோதனையில் தேறியது எஸ்.பி. ரகம். புதிய எழுத்தைப் பழைய வண்டியில் பெரும்பாலும் ஊற்றலாம், கையேடு சொல்லும் பாகுநிலை, அதாவது எண்ணெயின் கெட்டித்தன்மை, ஒத்துப்போக வேண்டும். பழைய எழுத்தைப் புதிய வண்டியில் ஊற்றாதீர்கள். அப்பா வாங்கி வைத்த ஆயில் என்று மகன் தன் புதுக் காரில் ஊற்றுவது பாசம்தான். எஞ்சினுக்கு அது தெரியாது.

மிச்சமான கார் ஆயிலை மோட்டார் சைக்கிளில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் அந்த எண்ணெயிலேயே நனைந்து கிடக்கும். கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருப்பதால் கிளட்ச் வழுக்கத் தொடங்கிவிடும். பைக்குக்கு ஜாசோ எம்ஏ என்று அச்சிட்ட கேன்தான். நனைந்த கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜப்பானியத் தரக் குறியீடு அது.

இனி, எங்கே வைப்பது? மே மாதம் தகரக் கூரைக்கு அடியில் கை வைத்துப் பாருங்கள், அங்கே வேண்டாம். வெயில் படாத, பகலுக்கும் இரவுக்கும் சூடு அதிகம் மாறாத உள்ளறை அலமாரி போதும். சிமென்ட் தரையில் நேராக வைக்காமல் ஒரு பலகையின் மேல் வையுங்கள். பெரிய பீப்பாய்களைத் திறந்தவெளியில் நிமிர்த்தி வைத்தால் அவை மூச்சுவிடும் என்று நாங்கள் வகுப்பில் சொல்வோம். பகல் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, மேலே தேங்கிய மழைநீரை மூடி வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். இறுக்கமாக மூடியிருந்தும் தண்ணீர் எப்படி வந்தது என்று பலர் திகைப்பது இதனால்தான்.

எண்ணெய் பெட்ரோலைப் போலப் பற்றிக்கொள்வதில்லை. பெட்ரோல் ஆவி உறைபனிக் குளிரிலும் தீப்பிடிக்கும். எஞ்சின் ஆயில் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் தீயை வாங்கும். ஆனால் வீடு தீப்பிடித்துவிட்டால் அதுவும் எரிபொருள்தான். சமையலறைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பழைய கேன் ஒன்று கிடக்கிறது, நல்லதா என்று பார்க்க வேண்டுமா? ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். பால் கலந்ததுபோல் மங்கலாக இருந்தால் தண்ணீர். அடியில் கூழ்போல் படிந்திருந்தால் சேர்மானம் பிரிந்துவிட்டது. பட்டறையில் இன்னொரு சோதனை செய்வோம். பழைய இரும்புத் தகட்டை நன்றாகச் சூடாக்கி ஒரு துளி எண்ணெயை விடுவோம். நல்ல எண்ணெய் சத்தமில்லாமல் படர்ந்து புகையும். தண்ணீர் கலந்த எண்ணெய் தாளிக்கும் கடுகுபோல் சடசடவென்று வெடிக்கும். முதன்முதலாக அதைக் கேட்கும் மாணவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். பாடப் புத்தகத்தில் படித்தது காதுக்கு வந்து சேர்ந்த முகம் அது. வீட்டில் இதைச் செய்தால் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு எட்டி நின்று செய்யுங்கள்.

காலியான கேனை அப்படியே பழைய பொருள் வியாபாரியிடம் போடாதீர்கள். மூடியும் லேபிளும் நன்றாக இருக்கும் கேனில் போலி எண்ணெயை நிரப்பி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கத்தியால் வயிற்றில் ஒரு கீறல் போட்டுவிட்டுக் கொடுங்கள்.

இப்போது அந்தக் கருப்பு எண்ணெய்க்கு வருகிறேன். என் மனத்தில் கிடந்து உறுத்துவது இதுதான்.

எங்கள் தோட்டத்தில் வேலிக் கம்பங்களுக்குக் கரையான் வராமல் இருக்க என் அப்பா வடித்த எண்ணெயைப் பூசுவார். மிச்சத்தை வேலியின் மூலையில் ஒரே இடத்தில் ஊற்றுவார். அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதான், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர் ஊற்றுவதை நிறுத்தி ஆறு வருடம் கழித்தும் அந்த மூலையில் கோரைகூட முளைக்கவில்லை. மழை பெய்தால் மண்ணின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்து, அப்படியே வாய்க்காலை நோக்கி நகரும். நான் நின்று பார்த்திருக்கிறேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எங்கள் கிணறு.

இன்றும் கட்டட வேலையில் சென்டரிங் பலகையில் கான்கிரீட் ஒட்டாமல் இருக்க வடித்த ஆயிலை வெறுங்கையால் பூசுகிறார்கள். எஞ்சினில் ஓடிய எண்ணெயில் தேய்ந்த உலோகம் இருக்கிறது, எரிபொருள் எரிந்த கழிவு இருக்கிறது. நீண்ட காலம் தொடர்ந்து தோலில் பட்டால் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடிய பொருள்கள் அதில் உண்டு. நீங்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். யாராவது அந்தப் பூச்சுக்கு ஆயில் கேட்டு வந்தால் கொடுக்காதீர்கள்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு கணக்குச் சொல்கிறது. ஒரு முறை மாற்றும்போது வடிக்கும் எண்ணெய், பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கப் போதுமாம். (ஒரு காலன் ஏறக்குறைய 3.8 லிட்டர்.) அதே முகமை இன்னொன்றும் சொல்கிறது. 42 காலன் கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் அளவு மசகு எண்ணெய், ஒரே ஒரு காலன் பழைய எண்ணெயைச் சுத்திகரித்தாலும் கிடைத்துவிடும். எஞ்சினில் ஓடும்போது எண்ணெயில் அழுக்கு சேர்கிறது, சேர்மானங்கள் தீர்ந்துபோகின்றன. அடிப்படை எண்ணெய் மீட்கக்கூடியது. மண்ணில் ஊற்றுவது குப்பையை அல்ல, மறுபடி எண்ணெயாகக்கூடிய ஒரு பொருளை.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பழைய எண்ணெயும் அடங்கும். அதை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு 2024 ஏப்ரல் முதல் தயாரிப்பாளர்கள் மேலும் இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டு வாசலுக்கு யாரும் வந்து வாங்க மாட்டார்கள். ஆயிலை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப் எது என்று நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். பெரிய சர்வீஸ் நிலையங்களில் பீப்பாய் வைத்திருப்பார்கள். கேட்டால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். அதில் பெட்ரோலோ, கூலன்டோ, பிரேக் ஆயிலோ கலந்துவிடாதீர்கள். கலந்தால் சுத்திகரிக்க முடியாமல் போகும். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

என் மாணவர் அந்த வாளியை வாங்கவில்லை. தன் காருக்குரிய மூன்றரை லிட்டர் கேன் இரண்டை மட்டும் வாங்கினார், இந்த ஆண்டுக்கு ஒன்று, அடுத்த ஆண்டுக்கு ஒன்று. பொள்ளாச்சியில் பழைய எண்ணெயை வாங்கிக்கொள்ளும் ஓர் இடத்தையும் விசாரித்து வைத்திருக்கிறார்.

என் வீட்டு அலமாரியில் இப்போது புதுக் கேன் ஒன்றும், "பழையது" என்று பெயின்டில் எழுதிய கேன் ஒன்றும் இருக்கின்றன. சனிக்கிழமை காலை அந்தப் பழையதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன். அது போன பிறகுதான் அடுத்த கேன் வாங்கக் கடைக்குப் போவேன்.

நன்றி. வணக்கம்.